பண்ணை வீட்டின் ஃபைபர் இணைப்புக்கு ஏற்ற கேபிளைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணாடி இழை வழியாக வரும் இணைய இணைப்பு இன்று கிராமங்களையும் எட்டியிருக்கிறது. ஊராட்சிகளை இழைக் கேபிளால் இணைக்கும் மத்திய அரசின் திட்டம் 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் மாற்றம் அடைந்தது. நம் மாநிலத்தில் இப்பணிக்கெனத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 2018-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இவையன்றித் தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள் நடத்துவோரும் வீடுகளுக்கு இணைப்பு அளிக்கின்றனர். சந்தை விலை அறிதல், வானிலை அறிவிப்புப் பெறுதல், பிள்ளைகளின் படிப்பு, மாட்டுக் கொட்டகையைக் கேமரா மூலம் கண்காணித்தல், சொட்டு நீர்ப் பாசனத்தைத் தானியங்கிக் கருவியால் இயக்குதல் ஆகிய பல பணிகளுக்கு உழவர் பெருமக்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்துகின்றனர்.

இணைப்பு கொடுக்க வரும் பணியாளர் வீட்டு வாசலை ஒட்டி ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் சென்றுவிடுவார். அதிலிருந்து மற்ற அறைகளுக்கும், மாடிக்கும், கொட்டகைக்கும் கேபிள் இழுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பாகவே அமைகிறது. கடைக்குச் சென்றால் கேட் 5இ, கேட் 6, கேட் 7, கேட் 8 எனப் பல இரகங்களைக் காட்டுகின்றனர். சிலர் பெரிய எண்ணே நல்லது என்று நம்பித் தேவையற்ற செலவு செய்கின்றனர். வேறு சிலர் மீட்டர் விலை குறைவு என்பதற்காகத் தரமற்ற கேபிளை வாங்கி ஓரிரு ஆண்டுகளில் சுவரை மீண்டும் உடைக்கின்றனர். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இணைப்பு வீட்டுக்கு வரும் விதம்

தெருவிலிருந்து வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. தலைமுடியளவு பருமனுள்ள இந்த இழைக்குள் ஒளிதான் செல்கிறது, மின்சாரம் செல்வதில்லை. இந்த ஒளியை மின் குறிப்புகளாக மாற்றுவதே சுவரில் மாட்டப்படும் பெட்டியின் வேலை. அதை நடைமுறையில் மோடம் என்றே அழைக்கின்றனர். பல வீடுகளில் வைஃபை பரப்பும் ரவுட்டரும் அதே பெட்டிக்குள் அமைந்திருக்கும். இந்தப் பெட்டியிலிருந்து கணிப்பொறி, தொலைக்காட்சி, கேமரா ஆகியவற்றுக்குச் செல்லும் செம்புக் கேபிளே ஈதர்நெட் கேபிள். கடைகளில் லேன் கேபிள் என்று கேட்டால் கிடைக்கும். இக்கட்டுரையில் கூறப்படுவது பெரும்பாலும் இதைப் பற்றியதே.

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓரறை, ஈரறை வீட்டுக்கு வைஃபையே போதும். ஆனால் கிராமத்து வீடுகளில் ஒன்றரை அடிக் கல் சுவரும் மண் சுவரும் உண்டு. மாடியில் கான்கிரீட் தளம் உண்டு. இவற்றைக் கடக்கும்போது வானலை வலுவிழக்கிறது. மேலும், ஓரிடத்தில் நிலையாக இருந்து இரவும் பகலும் இயங்கும் கேமரா போன்ற கருவிகளுக்குக் கேபிள் இணைப்பே நம்பகமானது.

குறைமச் சத்து விதி இங்கும் பொருந்தும்

மண்ணில் மற்றச் சத்துக்கள் எவ்வளவு மிகுந்திருந்தாலும், தேவைக்கு மிகக் குறைவாக உள்ள சத்தே விளைச்சலை நிர்ணயிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் பரப்பிய இந்த விதியை உழவர்கள் அறிவர். துத்தநாகக் குறைபாடுள்ள வயலில் யூரியாவை இரட்டிப்பாக்கிப் பயனில்லை.

இணைய இணைப்பிலும் இதுவே நிலை. நீங்கள் பணம் கட்டும் மாதத் திட்டம், மோடம், ரவுட்டர், கேபிள், கேபிளின் முனை, கடைசியில் உள்ள கருவி ஆகியவற்றுள் எது மிக மெதுவானதோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது. எனவே, கேபிள் வாங்குமுன் மற்ற உறுப்புகளின் வேகத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வேகம் வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று குறிக்கப்படுகிறது. கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் திட்டத்தில் வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே இறங்கும். இதைக் கண்டு வேகம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

வீடுகளுக்கு இழை இணைப்பு அளிக்கப் பரவலாகக் கையாளப்படும் ஜி-பான் முறையில், ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவே இறங்குமுகமாக வினாடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட்தான். அதையும் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்நிலையில் வினாடிக்கு 40,000 மெகாபிட் தாங்கும் கேபிளை வீட்டுக்குள் போடுவது, மூன்று அங்குல ஆழ்துளைக் குழாய்த் தண்ணீருக்கு ஏரி வாய்க்கால் வெட்டுவது போன்றதாகும்.

கேபிளின் அமைப்பு

உறையை உரித்துப் பார்த்தால் எட்டு மெல்லிய கம்பிகள் தென்படும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஆகிய நான்கு நிறங்களில் ஒவ்வொன்றும் தன் வெள்ளைக் கோடிட்ட இணையுடன் முறுக்கப்பட்டிருக்கும். இந்த முறுக்கு அழகுக்காக அல்ல. பக்கத்து மின் கம்பியிலிருந்து வரும் இடையூறு இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இடையூறு நீங்கிவிடுகிறது. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

வினாடிக்கு 100 மெகாபிட் அனுப்ப இரண்டு இணைகளே போதும். 1,000 மெகாபிட் அனுப்ப நான்கு இணைகளும் பழுதின்றி இருக்க வேண்டும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுது காணும்போது பயன்படும்.

எந்த இரகம் ஏற்றது?

நெல் இரகத்தைப் பட்டம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போல, கேபிள் இரகத்தையும் தேவை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. கேட் 5: பழைய இரகம். புதிதாக வாங்க வேண்டியதில்லை. முன்பே வீட்டில் பதித்திருந்தால் 100 மெகாபிட் திட்டத்துக்குப் போதுமானது.

2. கேட் 5இ: 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் அனுப்பும். இன்று வீடுகளில் எடுக்கப்படும் பெரும்பாலான திட்டங்களுக்கு இதுவே போதும். 2016-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட புதிய தரமுறைப்படி 2,500 மெகாபிட் வேகமும் இதன் வழியே செல்ல முடியும்.

3. கேட் 6: முறுக்கு இன்னும் நெருக்கமானது, கம்பி சற்றுப் பருமனானது. 100 மீட்டர் வரை 1,000 மெகாபிட்டும், நல்ல சூழ்நிலையில் 55 மீட்டர் வரை 10,000 மெகாபிட்டும் அனுப்பும்.

4. கேட் 6ஏ: 100 மீட்டர் முழுவதும் 10,000 மெகாபிட் அனுப்பும். பருமனும் விறைப்பும் மிகுந்தது. வீட்டுக் குழாய்களில் வளைத்து இழுப்பது கடினம்.

5. கேட் 7: இது வேறு வகை முனைகளுக்கென வகுக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தரமுறை இதை ஏற்கவில்லை. கடைகளில் சாதாரண முனையுடன் விற்கப்படும் கேட் 7 கேபிளால் வீட்டு இணைப்புக்குக் கூடுதல் பயன் இல்லை.

6. கேட் 8: வினாடிக்கு 25,000 முதல் 40,000 மெகாபிட் வரை அனுப்பும், ஆனால் 30 மீட்டர் தூரத்துக்கு மட்டுமே. கணிப்பொறிகள் நிறைந்த பெரிய தரவு மையங்களுக்கு உரியது.

பரிந்துரை: சுவரின் மேல் பட்டி அடித்து இழுப்பதாயின் கேட் 5இ போதும். சுவருக்குள் குழாயில் பதிப்பதாயின் கேட் 6 போடலாம். கேபிள் விலையில் உள்ள வேறுபாட்டைவிடச் சுவரை உடைத்துப் பூசும் கூலி அதிகம் என்பதால், பதிக்கும் இடத்தில் ஒரு படி மேலான இரகத்தைப் போடுவது சிக்கனமே. அதற்கு மேற்பட்ட இரகங்கள் வீட்டுக்குத் தேவையில்லை.

எண்ணைவிட உலோகமே முக்கியம்

விதைப் பையின் மேல் இரகத்தின் பெயர் சரியாக இருந்தும் உள்ளே கலப்பு விதை இருந்தால் என்ன பயன்? கேபிளிலும் இதே ஏமாற்றம் நடக்கிறது. ஈதர்நெட் கேபிளின் கம்பி முழுவதும் செம்பாக இருக்க வேண்டும் என்பது தரமுறை. ஆனால் அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சிட்ட கேபிள்கள், கேட் 6 என்று அச்சிடப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. கடைக்காரர்கள் இதைச் சி.சி.ஏ. என்பர். விலை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மிகை அதிர்வுக் குறிப்புகள் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே செல்வதால், குறைந்த தூரத்தில் இந்தக் கேபிளும் வேலை செய்வது போலவே தோன்றும். குறைகள் பின்னரே வெளிப்படும். அவையாவன:

(அ) அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பின் திறனில் ஐந்தில் மூன்று பங்கு அளவே. ஆகவே இக்கம்பியின் மின்தடை அதே பருமனுள்ள செம்புக் கம்பியைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு ஆகிறது. தூரம் கூடக் கூடக் குறிப்பு வலுவிழக்கிறது.

(ஆ) இன்றைய கேமராக்கள் பலவற்றுக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகவே அனுப்பப்படுகிறது. 2003-ஆம் ஆண்டுத் தரமுறைப்படி அனுப்பும் முனையில் 15.4 வாட் கொடுத்தால், 100 மீட்டர் கேபிளில் இழப்புப் போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதியாகக் கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கு செம்புக் கம்பியை வைத்துப் போடப்பட்டது. நேர் மின்னோட்டம் கம்பியின் முழுக் குறுக்களவிலும் செல்வதால் மேற்பூச்சு இங்கு உதவாது. அலுமினியத்தில் இழப்பு மிகுந்து கேபிள் சூடேறும். இரவில் கேமராவின் விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும்.

(இ) அலுமினியம் எளிதில் முறியும். வளைவுகளிலும் முனை பொருத்திய இடத்திலும் கம்பி உள்ளுக்குள்ளேயே உடைந்துவிடும். ஈரம் படும் இடத்தில் அரிப்பும் விரைவாக ஏற்படும்.

செம்பைக் கண்டறியும் முறைகள்

1. கம்பியின் நுனியை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் வெண்மையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

2. கம்பியின் மேற்புறத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவந்தே இருக்கும். பூச்சு எனில் வெண்ணிறம் வெளிப்படும்.

3. கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்குங்கள். பூச்சுக் கம்பி சில மடக்கிலேயே முறிந்துவிடும். செம்பு அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

4. எடையைப் பாருங்கள். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். 305 மீட்டர் பெட்டிகள் இரண்டைத் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

மீட்டர் கணக்கில் வாங்கினாலும் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி இச்சோதனைகளைச் செய்யத் தயங்க வேண்டாம். விதை வாங்குமுன் முளைப்புத் திறன் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பட்டியலில் முழுச் செம்பு என்று எழுதி வாங்குவது நல்லது.

ஒற்றைக் கம்பியும் பல இழைக் கம்பியும்

சுவரில் நிலையாகப் பதிக்கும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும். நெடுந்தூரத்துக்கு இதுவே ஏற்றது. மேசைமேல் அடிக்கடி வளைந்து அசையும் சிறு துண்டுகளுக்குப் பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பி ஏற்றது. ஆலையிலேயே முனை பொருத்தி 1 மீட்டர், 2 மீட்டர் அளவுகளில் விற்கப்படும் துண்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

உலோகத் தகடு சுற்றிய கேபிளும் கிடைக்கிறது. தொழிற்சாலை போன்ற இடங்களில் அது பயன்படும். ஆனால் அந்தத் தகடு முறையாக நிலத்தொடர்பு பெற்றிருக்க வேண்டும். நிலத்தொடர்பு சரியில்லாத வீட்டில் தகடு சுற்றிய கேபிளால் நன்மையைவிடத் தொல்லையே மிகும். வீட்டுக்குத் தகடில்லாத சாதாரணக் கேபிள் போதும்.

கொட்டகைக்கும் பம்புசெட் அறைக்கும் இணைப்பு

உழவர் வீட்டுக்கும் நகரத்து வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது. மாட்டுக் கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கலாம். பம்புசெட் அறை 150 மீட்டருக்கு அப்பால் இருக்கலாம். எனவே பின்வரும் இரண்டு வரம்புகளை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

முதலாவது தூரம். எந்த ஈதர்நெட் கேபிளும் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதில் 90 மீட்டர் பதிக்கும் கேபிள். இரு முனைகளிலும் உள்ள சிறு துண்டுகளுக்கு 10 மீட்டர். அதற்கு மேல் போனால் இடையில் மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச் பெட்டி வைக்க வேண்டும். வயல் நடுவே அது நடைமுறைக்கு ஒவ்வாது.

இரண்டாவது இடி. இது தூரத்தைவிட முக்கியமானது. கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நம் பகுதியில் இடி மின்னல் மிகுதி. வீட்டுக்கு ஒரு நிலத்தொடர்பும், பம்புசெட் அறைக்கு வேறொரு நிலத்தொடர்பும் இருக்கும். அருகில் மின்னல் தாக்கும்போது இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றும். இரண்டையும் செம்புக் கேபிளால் இணைத்திருந்தால் அந்த மின்னோட்டம் கேபிள் வழியே பாய்ந்து ரவுட்டர், தொலைக்காட்சி, மோட்டார் இயக்கும் தானியங்கிக் கருவி ஆகியவற்றை ஒருசேரப் பழுதாக்கும். அந்நேரம் கருவியைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிருக்கும் ஆபத்து உண்டு.

ஆகவே தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் வேண்டாம். அதற்குக் கண்ணாடி இழையே ஏற்றது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. சில நூறு மீட்டர் தூரம் அதற்கு ஒரு பொருட்டும் அன்று. இரு முனைகளிலும் ஒளியையும் மின் குறிப்பையும் மாற்றித் தரும் சிறு பெட்டி வேண்டும். கடையில் மீடியா கன்வெர்ட்டர் என்று கேட்க வேண்டும். ஓரிழையில் இயங்கும் பெட்டிகள் ஏ, பி என்னும் சோடியாக வரும். இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் இயங்கா. இழைக் கேபிளைத் தாங்குவதற்காக உள்ளே எஃகுக் கம்பி வைத்த வகைகளும் உண்டு. எஃகு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், உலோகம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

எச்சரிக்கை: இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யும். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

கேபிள் பதிக்க இயலாத இடங்களில் இரு கட்டடங்களின் மேலும் வானலைக் கருவிகளை எதிரெதிராக வைத்தும் இணைக்கலாம். இதற்கு நேர் பார்வை தடையின்றி இருக்க வேண்டும். நடும்போது தெளிவாக இருந்த பாதையைக் கரும்பு வளர்ந்ததும் மறைத்துவிடும். தென்னை மட்டையும் மறைக்கும். உயரத்தைக் கணித்து அமைக்க வேண்டும்.

கேபிள் பதிக்கும் முறை

1. வீட்டுக்குள் மின் கம்பி செல்லும் அதே குழாயில் ஈதர்நெட் கேபிளை இழுக்கக் கூடாது. இடையூறு ஒருபுறமிருக்க, மின் கம்பியின் உறை தேய்ந்தால் கருவிகளில் மின்சாரம் பாயும். ஓர் அடி இடைவெளி விடுவது நல்லது. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்யவும்.

2. கேபிளைக் கூர்மையாக மடக்கக் கூடாது. வளைவின் ஆரம் கேபிளின் பருமனைப் போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். குழாயில் இழுக்கும்போது 11 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையுடன் இழுத்தால் முறுக்கு கலைந்து கேபிள் கெடும்.

3. வெளிச்சுவரில் வெயில் படும் இடத்தில் கறுப்புப் பாலிஎத்திலீன் உறையுள்ள, வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட கேபிளைப் போடுங்கள். உள்ளறைக்கு உரிய சாம்பல் நிற பி.வி.சி. உறை வெயிலில் வெடித்து நீர் உட்புகும்.

4. கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழை நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கேபிள் வழியே உள்ளே வராது.

5. கொட்டகையிலும் தீவன அறையிலும் எலி, அணில் தொல்லை உண்டு. கேபிள் வெளியே தெரியும் இடங்களில் இரும்புக் குழாய்க்குள் செலுத்துங்கள்.

6. வயல் வழியே இழைக் கேபிளைப் புதைப்பதாயின் எச்.டி.பி.இ. குழாய்க்குள் செலுத்திப் புதைக்கவும். ரோட்டவேட்டரும் நாட்டுக் கலப்பையும் மேல் மண்ணையே கிளறும். ஆனால் கடினப் படிவத்தை உடைக்க உளிக் கலப்பை ஓட்டினால் அது 45 செ.மீ. ஆழம் வரை இறங்கும். எனவே 60 செ.மீ. ஆழத்தில் புதைப்பது பாதுகாப்பானது. வரப்பு வழியே புதைத்தாலும் ஆழத்தைக் குறைக்க வேண்டாம். வரப்பு வெட்டும்போதும் எலி வளை தோண்டும்போதும் மண்வெட்டி படும். புதைத்த பாதையைக் கல் நட்டு அடையாளம் செய்துவைக்கவும்.

7. கேபிளை மின்வாரியக் கம்பத்திலோ, மின்வேலியிலோ, மோட்டார் கம்பியுடன் சேர்த்தோ கட்டக் கூடாது.

முனை பொருத்துதல்

கேபிளின் இரு நுனியிலும் எட்டுக் கம்பிகளை ஒரே வரிசையில் அடுக்கி ஆர்.ஜே. 45 முனையில் பொருத்த வேண்டும். பரவலாகக் கையாளப்படும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியுறையின் நுனியும் முனைக்குள் அகப்பட்டு இறுகியிருக்க வேண்டும். இல்லாவிடில் இழுவை முழுவதும் மெல்லிய கம்பிகளின் மேல் விழும்.

பொருத்தியபின் எட்டு விளக்குள்ள சோதனைக் கருவியால் பார்ப்பார்கள். எட்டும் வரிசையாக எரிந்தால் கம்பிகள் தொடர்பில் உள்ளன என்று மட்டுமே பொருள். கம்பி செம்பா அலுமினியமா என்பதையோ, வேகத்தையோ அது காட்டாது.

வேகம் குறைந்தால் செய்ய வேண்டியவை

300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும், கேபிளில் இணைத்த கணிப்பொறியில் எப்போது பார்த்தாலும் 94 அல்லது 95 மெகாபிட் அளவிலேயே வேகம் நிற்கிறதா? இணைப்பு 100 மெகாபிட் நிலைக்கு இறங்கிவிட்டது என்பதற்கு இது தெளிவான அறிகுறி. நிறுவனத்தைக் குறை கூறுமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

* நான்கு இணைகளில் ஒன்று முறிந்திருக்கலாம். அல்லது பணியாளர் நான்கு கம்பிகளை மட்டும் பொருத்தியிருக்கலாம். முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்துங்கள்.

* ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் அளவினதாக இருக்கலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இவ்வாறுதான் உள்ளது. பல தொலைக்காட்சிகளிலும் இதே நிலை. இங்கு கேபிளை மாற்றிப் பயனில்லை.

* நல்ல நிலையில் உள்ள சிறு துண்டுக் கேபிளால் கணிப்பொறியை நேராக மோடத்துடன் இணைத்துப் பாருங்கள். வேகம் சரியானால் பழுது பதித்த கேபிளில் உள்ளது. அப்போதும் குறைவாக இருந்தால், கணிப்பொறியின் துளை 1,000 மெகாபிட் அளவினதுதானா என்று பார்த்துக்கொண்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

வாங்க வேண்டிய அளவு

கேபிள் செல்லும் பாதையை நூல் பிடித்து அளந்து, அதனுடன் நூற்றுக்குப் பத்து வீதமும், ஒவ்வொரு முனைக்கும் 1 மீட்டரும் கூட்டிக்கொள்ளவும். எடுத்துக்காட்டாக, ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு 18 மீட்டர், முற்றத்துக் கேமராவுக்கு 27 மீட்டர் எனக் கொள்வோம். மொத்தம் 45 மீட்டர். நூற்றுக்குப் பத்து வீதம் 4.5 மீட்டர், நான்கு முனைகளுக்கு 4 மீட்டர். ஆக 53.5 மீட்டர். 55 மீட்டர் வாங்கினால் போதும். இதற்காக 305 மீட்டர் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரும் இணைப்பு எடுப்பதாயின், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல பெட்டியை வாங்கிப் பகிர்ந்துகொண்டால் முழுச் செம்புக் கேபிளையே குறைந்த விலையில் பெறலாம். உறையின்மேல் தூர அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே வெட்டிப் பிரிக்கலாம். அந்த அளவு மீட்டரிலா அடியிலா என்பதை முதலில் கவனித்துக்கொள்ளவும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

* சுவர்மேல் இழுக்கக் கேட் 5இ. சுவருக்குள் பதிக்கக் கேட் 6. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை.
* எண்ணைவிட உலோகத்தைப் பாருங்கள். வெட்டியும் சுரண்டியும் பார்த்து முழுச் செம்பையே வாங்குங்கள்.
* ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் வேண்டாம்.
* ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் செம்பு வேண்டாம். கண்ணாடி இழையைப் போடுங்கள்.
* இடி இடிக்கும் அறிகுறி தெரிந்ததுமே கருவிகளின் மின் இணைப்பையும் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள். இடி தொடங்கியபின் அவற்றைத் தொட வேண்டாம்.

மாதந்தோறும் கட்டும் கட்டணத்துக்கு உரிய வேகம் முழுமையாகக் கிடைப்பதும், கிடைக்காமற் போவதும் பல வேளைகளில் இந்தச் சில மீட்டர் கேபிளைப் பொறுத்தே அமைகிறது. விதை வாங்கும்போது காட்டும் அதே கவனத்தைக் கேபிள் வாங்கும்போதும் காட்டி, வீண் செலவைத் தவிர்த்து, இடி மின்னலால் நேரும் ஆபத்திலிருந்தும் குடும்பத்தைக் காத்துக்கொள்ளுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.